ஒரு சாண் தூரம்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் எந்த நர்ஸுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. ஊசி போடுவது, ட்யூப் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டிப் போடுவது எல்லாம் பிறகு. முதலில் சும்மா நிற்கத் தெரிய வேண்டும். பக்கவாதம் வந்த மனுஷன் ஒரு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவான். வேர்த்துக் கொட்டும். கண்ணாலேயே நம்மைக் கெஞ்சுவான். நாம் போட்டுவிட்டால் ஒரு நொடி வேலை. போட்டுவிடக் கூடாது. இன்றைக்கு நாம் போட்டுவிட்டால் அந்தப் பொத்தானை அவன் ஆயுசுக்கும் போடமாட்டான். இதைக் கேட்டுவிட்டு என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அவன் தானாகச் சட்டை போடும்போது அவர்களுக்கே தெரியும்.

என் பெயர் பியூலா. பாளையங்கோட்டைக்கு வெளியே வாய்க்கால் கரையில் இருக்கும் மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். பெரிய ஆஸ்பத்திரிகள் உயிரை மட்டும் காப்பாற்றி அனுப்புவார்கள். அந்த உயிரை வைத்துக்கொண்டு சோறு அள்ளவும், பல் தேய்க்கவும், கக்கூஸுக்குத் தானே போகவும் பழக்குவது எங்கள் பாடு.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது நர்சிங் பள்ளியில் இருந்த கிரேஸம்மாள் டியூட்டர். அவசரப்பட்டு உதவி செய்கிறவளின் இரண்டு மணிக்கட்டையும் பின்னால் சேர்த்துக் கட்டுத்துணியால் கட்டிவிடுவார். அன்றைக்கு முழுக்க அப்படியே வார்டில் நிற்க வேண்டும். "கை போகட்டும்ட்டி. போகாத கை நர்ஸ் கையே இல்ல. ஆனா ஒரு சாண் தள்ளி நிக்கணும்" என்பார். எங்கள் செட்டில் அதிகம் கட்டுப்பட்டவள் நான்தான். அந்த அம்மா கல்லறைக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தக் கட்டு இன்னும் என் மணிக்கட்டில் இருப்பதாகச் சில நேரம் தோன்றும். தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் நிஜமாகவே விழுகிறவனைப் பிடிப்போம். இப்போது அதற்கும் வேலை இல்லை. பயிற்சிக் கூடத்தில் கூரையில் தண்டவாளம் ஓடுகிறது. அதிலிருந்து தொங்கும் வாரை இடுப்பில் மாட்டிவிட்டால், கால் மடங்கினாலும் வார் தாங்கிக்கொள்ளும். கீழே தடித்த மெத்தை வேறு. நாங்கள் பக்கத்தில் நிற்போம், அவ்வளவுதான். பிடிக்கிற வேலை எங்களைவிட்டுப் போனதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

ஸ்டாஃப் நர்ஸ் தவசிமுத்து வந்தபோதுதான் நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். ஐசியூவில் பத்துப் பேருக்கு ஓடின ஆள். கை சும்மா இராது. முதல் நாளே ஒரு பெரியவர் கஞ்சி டம்ளரைத் தடுமாறித் தடுமாறி வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார், கடைசி நொடியில் டம்ளர் சாய்ந்தது, இவன் எங்கிருந்தோ பருந்து மாதிரி வந்து பிடித்துவிட்டான். சொட்டுக் கஞ்சி சிந்தவில்லை. பெரியவருக்கு முகம் செத்துப்போயிற்று. நான் தவசியை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் ஏசின ஏச்சில் மனுஷன் இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு பழகிக்கொண்டான். என் வார்டிலேயே நல்ல நர்ஸ் என்று இப்போது அவனைத்தான் சொல்வேன்.

விதை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. நெல்மணி அளவுக் கருவி. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் வைப்பார்கள். வேறு ஒரு பெயர் அதற்கு உண்டு, நோயாளிகள் விதை என்றுதான் சொல்வார்கள். அதைக் கொண்டுவந்த இன்ஜினியர் நர்கீஸ் மேலப்பாளையத்துப் பெண். சென்னைக் கம்பெனியில் வேலை, பேச்சு மட்டும் நம்ம ஊர்.

"மூளையில அடிபட்டா, கைய எப்படி நீட்டணும்னே அதுக்கு மறந்துருது, சிஸ்டர். விதை அதுக்கு இன்னொருத்தர் கையைக் காட்டிக்குடுக்கும். பாத்து எழுதுற மாதிரி" என்று விளக்கினாள்.

"பாத்து எழுதினா எழுத்தும் அவன் எழுத்தாத்தானே வரும்" என்று நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

காட்டிக்கொடுக்க ஒரு கை வேண்டுமே. வீணை வாசிக்கிறவர் கை, தையல்காரர் கை, எங்கள் பிசியோதெரபிஸ்ட் கை என்று பல கைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். எதுவும் நோயாளிகளிடம் ஒட்டவில்லை. கடைசியில் என்னைக் கேட்டாள். கம்பி ஓடும் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் முழுக்க வார்டில் வேலை பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. ஒட்டியது என்ன, பரணில் தூக்கிப்போட்ட மாதிரி கிடந்த நோயாளிகளின் கைகளெல்லாம் எழுந்து வேலைக்குப் போயின. என் பதிவுக்குத் தாய்ப்பதிவு என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

கூடவே ஒரு பயமும் வந்தது. டம்ளரைக் குடிக்குமுன் அரைச் சுற்றுத் திருப்புவது என் பழக்கம். இப்போது சாப்பாட்டு அறையில் வரிசையாக எல்லாரும் திருப்பினார்கள். சேலையில் குத்தின ஊக்கு கழன்றுவிட்டதா என்று இடது தோளைத் தடவிப் பார்ப்பேன். மீசை வைத்த பஸ் கண்டக்டர் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கை மெல்லப் போய் தோளில் இல்லாத ஊக்கைத் தேடும். தவசி விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் சாயங்காலம் தாழ்வாரத்தில் தனியாக நடக்கும்போது, எதிரே வருகிற முன்பின் தெரியாத ஒருவர் என் கையை வீசிக்கொண்டு போவார். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன்.

சொரிமுத்து எங்கள் வார்டின் செல்லப்பிள்ளை. எலெக்ட்ரீஷியன். கம்பத்திலிருந்து விழுந்து தலையில் அடி. வலது கை துணி மாதிரி தொங்க வந்தவன், விதை வைத்து, வயர் முறுக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். போகிற அன்று வார்டு முழுக்கப் பால்கோவா கொடுத்தான். அவன் ஒரு நாள் காலையில் வெளிநோயாளிப் பிரிவுக்குத் தனியாக வந்தான். தாடி. இடது கையால் வலது கையைத் தூக்கி என் மேசையில் வைத்தான்.

"இந்தக் கைய நீங்களே எடுத்துக்கிடுங்க, சிஸ்டர். எனக்கு வேண்டாம்."

உட்கார வைத்துக் கேட்டேன். அவனுக்கு மித்ரா என்று ஒரே பெண், இன்னும் பள்ளிக்கூடம் சேராத வயசு. மொட்டைமாடிப் படியில் கொஞ்சம் ஏறி நின்றுகொண்டு "அப்பா பிடி" என்று குதிப்பது அவள் விளையாட்டு. விபத்துக்கு முன்னால் தினமும் நடக்கும். கை சரியாகி வந்த பிறகு அவன் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அன்றைக்கு இடது கையில் தண்ணீர் வாளியோடு படிக்குக் கீழே நின்றான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி, கூப்பிட்டு, குதித்துவிட்டாள்.

"நான் போனேன், சிஸ்டர். சத்தியமாப் பிடிக்கத்தான் போனேன். இந்தா, இம்புட்டுக்கு முன்னால வந்து நின்னுட்டு" என்று காட்டினான்.

கை முன்னால் வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிய, கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கி, காற்றில் நின்றது. அந்த நிற்பை எனக்குத் தெரியும். பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி, டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி, என் ஆயுசு பூராவும் நான் நின்ற நிற்பு அது.

பிள்ளை சிமெண்டுத் தரையில் விழுந்து கை முறிந்துவிட்டது. "அழக்கூட இல்ல. ஏம்ப்பா பிடிக்கலன்னு கேட்டா" என்று சொல்லிவிட்டு அவன் அழுதான்.

அவன் மனைவி பேச்சித்தாய் பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டோடு வாசலில் இருந்து அதைப் பார்த்திருக்கிறாள். கை போனதையும் பார்த்திருக்கிறாள், நின்றதையும் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு தடவை அவள் தலையிலிருந்து குடம் சரிந்தபோதும் இவன் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றானாம். ஆள் மாறிவிட்டான், மனசு கல்லாகிவிட்டது, இவனை நம்பிப் பிள்ளையை விட முடியாது என்று முக்கூடலில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் போய் வாசலில் நின்றால் கதவு திறப்பதில்லை. அவனுக்கு வேண்டியது இரண்டே விஷயம். நான் நிற்கவில்லை, கைதான் நின்றது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிறகு பிள்ளையைப் பிடிக்கிற ஒரு கை வேண்டும்.

அவன் போனதும் நான் விதை வைத்த மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டேன். எங்களிடம் யாரும் புகார் சொன்னதில்லை. கேட்டபோதுதான் வந்தது. கண்டக்டரின் மனைவி, குளியலறையில் தான் வழுக்கினபோது அவர் கை நீட்டிவிட்டு நின்றதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, வியாதி வந்த பிறகு அவருக்கு என்மேல் பாசம் இல்லை என்றாள். ஒரு டீச்சரின் மகன், அம்மா முன்னே மாதிரி இல்லை என்று மட்டும் சொன்னான். எல்லார் வீட்டிலும் இதே பேச்சு. கை வேலை செய்கிறது, அதனால் கையை யாரும் சந்தேகப்படவில்லை. மனுஷனைச் சந்தேகப்பட்டார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பேர், தங்கள் மனசுதான் கெட்டுப்போயிற்றோ என்று தாங்களே நம்பிக்கொண்டு கிடக்கிறார்களோ.

வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு டாக்டர், நர்ஸ், பிசியோ, பேச்சுப் பயிற்சி டீச்சர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்போம். பெரிய டாக்டர் கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நிற்பை மட்டும் வெட்டி எடுக்க முடியாதா என்று நர்கீஸிடம் கேட்டார்.

நர்கீஸ் கையில் இருந்த பேனாவை மூடிவைத்தாள். பிறகு சொன்னாள்: "அதை எடுத்தா எல்லாம் போயிரும், சார். மத்த கை எல்லாம் ஏன் ஒட்டலன்னு நினைக்கீங்க? அதெல்லாம் போன வேகத்துல வேலையை முடிச்சுரும். நோயாளியோட மூளைக்கு உள்ள வர இடமே இருக்காது. சிஸ்டர் கை ஒண்ணுதான் போயிட்டு நின்னுச்சு. அந்த நிக்கிற நேரத்துலதான் அவங்க மூளை உள்ள வந்து பழகிக்கிடுது."

"அப்போ உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"நிக்குதுன்னு தெரியும் சிஸ்டர். நல்லதுன்னு நினைச்சேன்."

அவளை எப்படிக் கோபிப்பது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போதும் அது நல்லதுதான் என்று என்னில் ஒரு பாதி சொல்கிறது.

அவள் ஒரு வழி சொன்னாள். நிற்பு இருக்கட்டும், அதன்மேல் ஒரு பிடியை ஒட்டுப்போடலாம். நிஜமாக ஒன்று விழும்போது நிஜமாகப் பிடிக்கிற கையின் பதிவு வேண்டும். நடித்தால் ஒட்டாது. தாய்ப்பதிவு என்னுடையது என்பதால் நானே பிடித்தால் நல்லது. இது என்ன பிரமாதம் என்று கையுறையை மாட்டிக்கொண்டு பயிற்சிக் கூடத்தில் நின்றேன். பேசிக்கொண்டே இருக்கும்போது டாக்டர் பக்கத்தில் இருந்த மணல் மூட்டையைத் தட்டிவிட்டார். என் கை போனது, நின்றது. மூட்டை மெத்தையில் பொத்தென்று விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டார்கள். நின்றது. என் சொந்த மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டார்கள். நின்றது. கடைசியில் தவசி, என்னிடம் சொல்லாமல், எனக்கு முன்னால் மயங்கி விழுகிற மாதிரி சரிந்தான். நடிப்பென்று எனக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது, கை போனது, ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் என் காலடியில் விழுந்து கிடந்து என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். எனக்குக் கோழி சீய்க்காமல் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சித்தாயிடம் நானே போய்ச் சொல்வதென்று முடிவு செய்தேன். சொரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு முக்கூடலுக்கு பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததால் கதவு திறந்தது. ஒல்லியான பெண். மடியில் தட்டு, தட்டில் வெட்டின இலையும் தூளும் நூலும். நான் பேசப் பேச அவள் விரல்கள் தம் பாட்டுக்கு இலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே இருந்தன. மித்ரா மாவுக்கட்டுப் போட்ட கையோடு கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை.

விதையைச் சொன்னேன், பதிவைச் சொன்னேன், அந்தக் கை என்னுடையது என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் நம்பின மாதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பை மறைக்க இன்னொரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தாள் போல. ஆனாலும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பக் கூடாதே. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள். நீட்டிவிட்டு, வேண்டுமென்றே செம்பை விட்டுவிட்டாள்.

இரண்டு கை போயின. இரண்டும் ஒரே உயரத்தில், உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் உள்ளே மடங்கி, ஒரு சாண் தள்ளி நின்றன. செம்பு விழுந்து உருண்டது. தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

நாள் பூராவும் விரல்களையே பார்த்துப் பிழைக்கிறவள் அவள். எங்கள் கைகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"ஒரே கைதான்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இவுகளுக்கு நீங்க வச்சீங்க. சரி. உங்களுக்கு யாரு வச்சா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கிரேஸம்மாளின் முகம் எனக்கு முன்னால் வந்தது. அவருக்கு யார் கட்டினார்களோ. நான் தரையில் கிடந்த செம்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

புருஷன் மேல் தப்பில்லை என்று அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் கையின் மேல் தப்பு இருக்கிறதே, பிள்ளை எந்நேரமும் அவர் பின்னால் ஓடுவாளே, எந்தப் படி, எந்தக் கிணறு என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று கேட்டாள். கை பிடிக்கும் என்று காட்டுங்கள், அன்றைக்கே வீட்டுக்கு வருகிறேன் என்றாள். அது நியாயம்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்குத் தவசி ஞாபகம் வந்தது. அந்தக் கஞ்சி டம்ளர். நான் ஏசி ஏசி அடக்கின அந்தப் பருந்துக் கை. நர்கீஸுக்கு அப்போதே போன் செய்தேன். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். தவசியும் சரி என்றான். சொரிமுத்துவிடம் சொன்னபோது பஸ்ஸிலேயே என் காலைத் தொட வந்தான்.

மாவுக்கட்டுப் பிரித்ததும் பேச்சித்தாய் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம். பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டோம். டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி டீச்சர், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நர்கீஸ். தவசி கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். சொரிமுத்து சவரம் செய்து புதுச்சட்டை போட்டிருந்தான். மெத்தையில் ஏறுவதற்காக மித்ரா கழற்றின செருப்பையும் அவள் பையையும் இடது கையில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பதிவு எப்படி நடக்கும், அதை எப்படி ஒட்டுவோம், எத்தனை நாளில் பழகும் என்று நர்கீஸ் பேச்சித்தாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளையிடம் காலையில் அவள் அம்மா சொல்லியிருக்கிறாள், இன்றைக்கு அப்பா கை சரியாகிவிடும் என்று. பிள்ளைக்கு இன்றைக்கு என்றால் இன்றைக்குத்தான்.

எங்கள் கூடத்தின் மூலையில் நோயாளிகள் ஏறி இறங்கிப் பழக ஒரு மரப்படி உண்டு. அதன் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, பிடி."

திரும்புவதற்குள் குதித்துவிட்டாள். சொரிமுத்து படிக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து தவசி. மூன்று பேர் கையும் போயின. தவசியின் கைதான் முதலில் போனது. பருந்து மாதிரிதான் போனது. நான் பார்த்தேன், கர்த்தரே, இது பிடித்துவிடும் என்று நினைத்தேன். அது பிள்ளையின் பாவாடைக்கு ஒரு சாண் தள்ளி வந்து, உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் மடங்கி, நின்றது. மூன்று கைகளும் வரிசையாக நின்றன. பிள்ளை அவற்றைத் தாண்டிக் கீழே போனாள்.

பேச்சித்தாய் எங்கிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. தரையோடு தரையாகப் பாய்ந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெத்தையில் உருண்டாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை சிரித்தாள், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திவிட்டாள்.

திரையில் தவசியின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கோடு ஒன்று விறுவிறுவென்று ஏறி, நேராகிப் படுத்துவிட்டது. நர்கீஸ் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் போனேன், சிஸ்டர்" என்றான் தவசி. அவன் காதுக்குப் பின்னால் எந்த விதையும் இல்லை. வேறு எவரும் அவனுக்கு எதையும் வைக்கவில்லை. ஸ்டோர் ரூமில் வைத்து நான் ஏசினது மட்டும்தான்.

"தெரியும், தவசி" என்றேன்.

பேச்சித்தாய் எழுந்து புடவையை உதறினாள். நான் பயந்தது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே முக்கூடல் பஸ் ஏறிவிடுவாள் என்று. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள். அவன் கை இன்னும் அந்தரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதை இறக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி, அந்த ஒரு சாணையும் தாண்டி, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது பிடிக்காட்டாப் போவுது. நான் இதைப் பிடிச்சுக்கிடுதேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அவன் சின்னப்பிள்ளை மாதிரி அவள் கூடப் போனான். கூடத்தைத் தாண்டும்போது அவன் இடது கையிலிருந்து மித்ராவின் செருப்பு ஒன்று நழுவி விழுந்தது. அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் இத்தனை பேரும் அந்தச் செருப்பைப் பார்த்தோம். ஒரு எட்டு வைத்துக் குனிந்து எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கம், அவர்களே கவனிக்கட்டும், அவர்களே எடுக்கட்டும் என்று மனசு ஒரு பக்கம் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிசியோ நின்றார். டீச்சர் நின்றார். கையுறையைக் கழற்றாமலே தவசியும் அப்படியே நின்றான். சென்னைக் கம்பெனிக்காரி நர்கீஸ், எங்களோடு கொஞ்ச காலம்தான் பழகினவள், அவளும் கையைப் பின்னால் சேர்த்துக்கொண்டு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மித்ரா அம்மா இடுப்பிலிருந்து வழுகி இறங்கி ஓடிவந்தாள். புதிதாகக் கட்டுப் பிரித்த கையால் செருப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். எங்கள் எல்லாரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள்.

என் கையும் பின்னால்தான் சேர்ந்திருந்தது, அதை அவிழ்க்கப் பார்த்தேன். ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைத் தடவி, முடிச்சைத் தேடினேன். அவிழ்ப்பதற்கு அங்கே கட்டு எதுவும் இல்லை.